ஊர்தோறும் ஒரு வழங்கி, காவலுக்கு யார்?

2015 அக்டோபர் 11, ஞாயிற்றுக்கிழமை. புதுக்கோட்டை நகரம் அன்று தமிழ் வலைப்பதிவர்களை வரவேற்று விருந்தோம்பியது. சென்னையிலும் மதுரையிலும் நடந்த கூடுகைகளுக்குப் பின் அந்த வாய்ப்பு இந்நகருக்குக் கிட்டியது. புதுக்கோட்டைக் கணினித் தமிழ்ச் சங்கம் விழா எடுத்தது. தமிழ் இணையக் கல்விக்கழகம் போட்டிகளில் துணைநின்றது. வலைப்பதிவர்களைப் பற்றிய கையேடு ஒன்றும் அச்சாகி வெளிவந்தது. முன்னின்று உழைத்த கவிஞர் நா. முத்துநிலவன் முதலானோரில் பலர் பள்ளி ஆசிரியர்கள். 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தின்போது மரத்தடியிலும் கல் குவாரியிலும் எழுத்தறிவித்த மாவட்டம் இது. அதே மண்ணின் ஆசிரியர்கள் கால் நூற்றாண்டு கழித்து ஒருவர்க்கொருவர் வலைப்பூ அமைக்கக் கற்றுக்கொடுத்ததில் வியப்பொன்றும் இல்லை.

அந்த விழாவை இன்று நாம் நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. 'பரவலாக்கப்பட்ட சமூக வலையமைப்பு' என்று இப்போது புதுமைபோல் பேசப்படும் ஒன்றைத் தமிழர்கள் முன்னரே கட்டி, வாழ்ந்து, இழந்தும் இருக்கிறார்கள். வலைப்பூ என்பது ஒவ்வொருவர்க்கும் ஒரு தனி வீடு. ஒருவர் வீட்டுத் திண்ணையில் மற்றவர் வந்து பின்னூட்டம் இடுவார். வீடுகளை இணைக்கும் தெருக்களாகத் திரட்டிகள் இருந்தன. காசி ஆறுமுகம் 2004இல் தொடங்கிய தமிழ்மணம் அவற்றுள் தலையாயது. தேன்கூடு, தமிழ்வெளி, இன்ட்லி என்று வேறு சிலவும் இருந்தன. எழுதியவர் தம் வீட்டில் எழுதி வைப்பார்; திரட்டியோ செய்தியோடையின் வழியே தலைப்பையும் முதற்சில வரிகளையும் எடுத்துவந்து ஊரறிய முகப்பில் நிறுத்தும். யாருக்கும் யாரும் அடிமையில்லை. எவரும் எவரையும் வீட்டைவிட்டு வெளியேற்ற முடியாது.

பொற்காலம் என்று அதைப் புகழ்ந்துவிட்டு நகர நமக்கு மனமில்லை. தமிழ்மணத்தில் இடுகைகளுக்கு வாக்குப்பட்டை வந்தது; கூட்டுச் சேர்ந்து ஒருவர்க்கொருவர் வாக்களிப்போரும் வேண்டாதார் இடுகைக்கு எதிர்வாக்குக் குத்துவோரும் உடன் வந்தார்கள். 'சூடான இடுகைகள்' என்றொரு பகுதி இருந்தது. அதில் இடம்பிடிக்கவே சூடேற்றிய இடுகைகளும் இருந்தன. முகமறியாப் பெயரில் வந்து வசைபாடுவோரால் பெண் பதிவர்கள் பட்ட துயரம் சிறிதன்று. மட்டுறுத்தல் என்னும் சொல் பழக்கத்துக்கு வந்தது அந்தச் சண்டைகளின் கொடை. எதை நீக்குவது, எவரை விலக்குவது, யார் முடிவெடுப்பது என்று இன்று உலகின் பெருநிறுவனங்கள் ஆயிரக்கணக்கானோரை அமர்த்தியும் தீர்க்க முடியாமல் விழிக்கும் வழக்குகளை அன்று ஒரு சிலர் மாலைப்பொழுதுகளில் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஊதியம் இல்லை. வாழ்த்தும் அரிது. வசையோ இரு தரப்பிலிருந்தும் தவறாமல் வந்தது.

பின்னர் திரட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தன. எவரும் தடைவிதிக்கவில்லை, எதிரி எவரும் இடிக்கவில்லை. நடத்தியவர்கள் களைத்தார்கள்; கூட்டம் முகநூலுக்குப் பெயர்ந்தது. தெரு மறைந்தபின் வீடுகள் நின்றும் பயனில்லாமற் போயிற்று. இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவ்வீடுகளில் மிகப் பல கூகுள் நிறுவனத்தின் பிளாக்கர் தளத்தில் கட்டப்பட்டவை. வீடு நமது, நிலம் வேறொருவருடையது. செய்தியோடைகளைப் படிக்கப் பலரும் நம்பியிருந்த கூகுள் ரீடரை அந்நிறுவனம் 2013 ஜூலையில் மூடியபோது நம்மைக் கேட்டு மூடவில்லை.

முகநூலும் வாட்ஸ்அப்பும் தந்த நன்மையை மறைப்பது நேர்மையாகாது. 2017 பிப்ரவரியில் ஐட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நெடுவாசல் எழுந்தபோது, ஆலங்குடி வட்டத்துச் சிற்றூர் ஒன்றின் குரல் சில நாள்களில் கடல்கடந்து ஒலித்தது இவற்றின் வழியேதான். ஆயினும் அக்குரல் கடந்துசென்ற வாயிற்கதவின் திறவுகோல் கலிஃபோர்னியாவில் இருக்கிறது. எந்த இடுகை மேலே மிதக்கும், எது அடியில் ஆழும் என்பதை அங்குள்ள கணக்குமுறை முடிவுசெய்கிறது. அம்முறையோ நெடுவாசலாரும் அறியாதது, நாமும் அறியாதது.

இந்நிலைக்கு மாற்றாக முன்வைக்கப்படுவதே, தனித்தனியே நடத்தப்படும் பல வழங்கிகள் (சர்வர்கள்) இணைந்த கூட்டமைவு வலை. 2016இல் ஆய்கன் ரோச்கோ என்னும் இளைஞர் ஜெர்மனியிலிருந்து வெளியிட்ட மாஸ்டடான் என்னும் சமூக வலை மென்பொருள் இதில் பெயர்பெற்றது. வழங்கிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள உதவும் ஆக்டிவிட்டிபப் என்னும் நெறிமுறையை உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2018 ஜனவரியில் பரிந்துரைத்தது. இதன் அமைப்பு நமக்கு அயலானதன்று. நம் முன்னோர் பெயருக்கு முன் ஊர்ப்பெயரை வைத்தார்கள். இங்கே பெயருக்குப் பின் ஊர் வருகிறது. எந்த வழங்கியில் குடியிருக்கிறோமோ அதுவே ஊர். ஓர் ஊராரோடு மற்றோர் ஊரார் தடையின்றி உரையாடலாம். ஊர் பிடிக்கவில்லையெனில் பின்தொடர்வோரை அழைத்துக்கொண்டு வேறூர் பெயரலாம். எழுதிய பழைய இடுகைகளை மட்டும் அவ்வளவு எளிதில் உடன் எடுத்துச்செல்ல முடியாது. மின்னஞ்சலைப் பயன்படுத்துவோர்க்கு இது புரியும்: கூகுளில் முகவரி உள்ளவர் வேறு நிறுவனத்தில் முகவரி உள்ளவருக்கு அஞ்சல் எழுதுவதில்லையா?

கொள்கை அழகியது. நடப்பு என்ன? 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை டுவிட்டர் முடக்கியது. நாஜி வணக்கம் செலுத்த மறுத்துக் கைகட்டி நின்ற ஒரு மனிதரின் வரலாற்றுப் புகழ்பெற்ற ஒளிப்படத்தை முகப்பில் வைத்ததற்காக! சினந்த இந்தியர்கள் நவம்பரில் கூட்டங்கூட்டமாக மாஸ்டடானில் குடியேறினார்கள். சில கிழமைகளில் பெரும்பாலோர் பழைய இடத்துக்கே திரும்பினார்கள். 2022 அக்டோபரில் ஈலான் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு டுவிட்டரை வாங்கியபோது இதே கதை உலக அளவில் நிகழ்ந்தது. அவ்வாண்டின் இறுதியில் மாஸ்டடானை மாதந்தோறும் பயன்படுத்துவோர் 25 இலட்சத்தை எட்டினார்கள். அடுத்த சில மாதங்களிலேயே அந்த எண்ணிக்கை வெகுவாகச் சரிந்தது. கோபத்தில் குடிபெயர்ந்தவர்கள் கோபம் தணிந்ததும் திரும்புவது இயல்பே. சிங்கப்பூரில் வேலைபார்க்கும் மகனும் அறந்தாங்கியில் இருக்கும் தாயும் நாள்தோறும் முகம் பார்த்துக்கொள்வது வாட்ஸ்அப்பில். கொள்கைக்காக மகன் இடம் மாறினால் தாயும் மாற வேண்டும். தாய்க்காக அத்தையும், அத்தைக்காகப் பக்கத்து வீடும் மாற வேண்டும். இது யாருடைய குற்றமும் அன்று.

ஆட்கள் வராததைக் காட்டிலும் நம்மைக் கவலைகொள்ளச் செய்வது, வந்த இடத்தைக் காப்பவர் நிலை. ஒரு வழங்கி என்றால் என்ன? வாடகைக்கு எடுத்த ஒரு கணினி, ஒரு பெயர், மாதந்தோறும் ஒரு கட்டணம், அதைக் கவனித்துக்கொள்ளும் ஓர் ஆள். தொடக்கத்தில் செலவு சிறிது. ஆனால் தம் ஊரார் பின்தொடரும் அயலூராரின் படங்களும் காணொளிகளும் படியெடுக்கப்பட்டுத் தம் வட்டில் வந்து சேரும். ஐம்பது பேர் குடியிருக்கும் ஊரில் ஐயாயிரம் பேரின் சரக்கு குவியும். குவிந்ததைக் கழிக்க வேண்டும். மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும். எரிதங்களை வடிகட்ட வேண்டும். புகார்களைப் படிக்க வேண்டும். புகாரில் வரும் படங்களில் சில மனிதர் பார்க்கத் தகாதவை. அவற்றையும் ஒருவர் பார்த்தே தீர வேண்டும். 2023இல் ஸ்டான்ஃபோர்டு இணைய ஆய்வகத்தார் இரண்டே நாள் தேடியதில், குழந்தைகளைச் சீரழிக்கும் படங்களென முன்பே பட்டியலிடப்பட்டவை 112 இவ்வலையமைப்பில் அகப்பட்டன. பெருநிறுவனத்திடம் அவற்றைத் தானே கண்டுபிடிக்கும் கருவிகளும் கூலிக்குப் பார்ப்போரும் உண்டு. சிறு வழங்கிக்காரரிடம் இருப்பது அவருடைய இரு கண்கள்.

அவர் எத்தனை நாள் தாங்குவார்? 2023இல் ஏறத்தாழ 12,000 பேர் குடியிருந்த ஒரு மாஸ்டடான் வழங்கியை அதன் காப்பாளர் மூடினார். பயனர்களின் ஓயாத வன்மமே காரணம் என்றார். தனியாரை விடுவோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுக் காப்பு அமைப்பு 2022 ஏப்ரலில் ஒன்றிய நிறுவனங்களுக்கெனத் தொடங்கிய வழங்கி 2024 மே மாதம் மூடப்பட்டது. அதை ஏற்று நடத்த வேறெந்த நிறுவனமும் முன்வரவில்லை. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை உருவாக்கிய மோசில்லாவும் தன் வழங்கியை அதே ஆண்டு டிசம்பரில் நிறுத்திக்கொண்டது. பணமும் ஆளும் உள்ள இடங்களிலேயே இதுதான் நிலை.

இனி நம் நாட்டுச் சட்டம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு, பிறர் எழுதியதற்கு இடைநிலையர் பொறுப்பாளியாக மாட்டார் என்று காப்பளிக்கிறது. அந்தக் காப்பு வேண்டுமெனில் 2021 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட விதிகளின்படி நடக்க வேண்டும். 50 இலட்சத்துக்கு மேல் பயனர் உள்ளோர்க்குக் கூடுதல் கடமைகள் உண்டு. ஆனால் அடிப்படைக் கடமைகளுக்கு அளவு ஏதும் இல்லை. குறைதீர் அலுவலர் ஒருவர் வேண்டும். புகாரை 24 மணி நேரத்தில் ஏற்று 15 நாளில் தீர்க்க வேண்டும் என்று 2021இல் விதிக்கப்பட்டது. விதிகள் வகுக்கப்பட்டபோது, நீதிமன்றமோ அரசோ ஆணையிட்டால் 36 மணி நேரத்தில் நீக்க வேண்டும், விசாரணை அமைப்பு கேட்டால் 72 மணி நேரத்தில் தகவல் தர வேண்டும் என்றிருந்தது. பல்லாயிரம் கோடி ஈட்டும் நிறுவனமும், கீரனூரிலோ திருமயத்திலோ தம் நண்பர் நாற்பது பேருக்கு ஒரு வழங்கி நடத்தும் கணினி ஆசிரியரும் இந்தக் கடமைகளில் ஒரே தட்டில் நிற்கிறார்கள். அவரே உரிமையாளர், அவரே குறைதீர் அலுவலர், சட்ட ஆலோசகரும் துப்புரவாளரும் அவரே. 2023இன் தனிநபர் தரவுக் காப்புச் சட்டம் 250 கோடி ரூபாய் வரை தண்டம் பேசுகிறது. அந்த எண்ணைப் படித்தபின் எந்த ஆசிரியர் வழங்கி தொடங்குவார்?

பெருநிறுவனங்களை அடக்க எழுதப்பட்ட சட்டத்துக்கு அவை எளிதில் பணிந்துபோகும். வழக்கறிஞர் படை அவற்றிடம் இருக்கிறது. நசுங்குவது அவற்றுக்கு மாற்றாக முளைப்பவை. இது இந்தியாவுக்கு மட்டும் உரிய கோளாறன்று. 2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலம் வயதைச் சரிபார்க்கக் கடுஞ்சட்டம் செயற்படுத்தியபோது, புளூஸ்கை என்னும் சமூக வலைத்தள நிறுவனம் அதை நிறைவேற்றத் தனக்கு ஆளும் பொருளும் இல்லை என்று அம்மாநிலத்தில் தன் செயலியையே அடைத்துக்கொண்டது. கோடிக்கணக்கில் பயனர் உள்ள நிறுவனத்தின் நிலை அது.

சட்டமே வேண்டாம் என்கிறோமா? பொன்னமராவதியை மறந்தவர்தான் அப்படிச் சொல்வார். 2019 ஏப்ரலில், மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவையொட்டி, ஒரு சமூகத்துப் பெண்களை இழிவுபடுத்தும் குரற்பதிவு ஒன்று வாட்ஸ்அப்பில் கைமாறியது. அவ்வூர்க் காவல் நிலையம் முற்றுகைக்குள்ளானது; கல் வீசப்பட்டது; வண்டிகள் நொறுங்கின; 144 தடையுத்தரவு பிறந்தது. ஒரு சில மணித்துளிக் குரல் ஒரு வட்டாரத்தின் கடைகளையெல்லாம் அடைக்கச் செய்தது. வாட்ஸ்அப்பில் செய்தி மறையாக்கத்தில் செல்வதால் உள்ளே என்ன போகிறது என்பது நிறுவனத்துக்கே தெரியாது. முதலில் அனுப்பியவர் யார் என்று காட்டச் சொல்லும் 2021 விதியை எதிர்த்து அது தில்லி உயர் நீதிமன்றம் சென்றது. ஆயினும், கதவைத் தட்டிக் கேட்க ஒரு நிறுவனம் இருக்கிறது. ஒரே செய்தியை ஐந்து இடங்களுக்கு மேல் ஒரே வீச்சில் அனுப்ப முடியாதபடி அதனால் தடுக்கவும் முடிந்தது. அதே குரற்பதிவு நூறு வழங்கிகளில் பரவியிருந்தால் எத்தனை கதவுகளைத் தட்டுவது? கண்மாயில் மடை கசிந்தால் அதை அடைக்க, நீரைக் காக்கும் நீர்க்கட்டி ஓடுவார். ஆயிரம் மடைக்கும் ஆயிரம் நீர்க்கட்டி வேண்டும்.

கூட்டமைவு வலையில் ஓர் இடுகையை எழுதியவர் நீக்கினால், 'இதை நீக்குக' என்ற வேண்டுகோள் மற்ற வழங்கிகளுக்குச் செல்லும். வேண்டுகோள்தான், ஆணையன்று. மதிப்போர் நீக்குவர், மதியாதோரிடம் படி தங்கிவிடும். ஒரு பெண்ணின் படத்தைத் திரித்து எவனோ பரப்பினால் அவள் யாரிடம் முறையிடுவாள்? பரவலாக்கத்தைப் போற்றுவோர் இக்கேள்விக்கு விடைகூறாமல் நழுவுவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். விடுதலை பற்றி நிறையப் பேசுகிறார்கள். அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டால் நெறிமுறையின் அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்கிறார்கள்.

அவர்கள் கைக்கொண்டுள்ள ஒரே படைக்கலம் ஊர்விலக்கம். ஒரு வழங்கி தீயோருக்கு இடங்கொடுத்தால் மற்ற வழங்கிகள் அதனோடு உறவை முறித்துக்கொள்ளும். 2019இல் வெறுப்புப் பேச்சுக்குப் பெயர்போன காப் என்னும் தளம் மாஸ்டடான் மென்பொருளுக்கு மாறி உள்ளே நுழைந்தபோது பெரும்பாலான வழங்கிகள் அதை விலக்கின. நல்ல விளைவுதான். ஆனால் ஊர்விலக்கம் என்ற சொல்லின் பாரத்தைத் தமிழன் அறிவான். ஒருவன் பிழைக்கு ஊரே தண்டனை பெறுவதும், வலியவர் கூடி எளியவரை ஒதுக்குவதும் நம் சிற்றூர்களின் பழைய நோய். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் பட்டியலினத்தார் குடிக்கும் மேனிலை நீர்த்தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. விசாரிக்கச் சென்ற ஆட்சியர், அதையொட்டிய இறையூரில் அம்மக்களுக்குக் கோயில் நுழைவு மறுக்கப்படுவதையும் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை இருப்பதையும் கண்டார். கோயில் கதவைத் திறக்கச் சிற்றூருக்கு வெளியேயிருந்து ஓர் அதிகாரம் வர வேண்டியிருந்தது. அதிகாரம் சிற்றூருக்கு இறங்கிவந்தால் அறமும் உடன் வந்துவிடும் என்பது காந்தியாரின் கனவு. அம்பேத்கர் அதை ஏற்றதில்லை. சிறு வழங்கிகளைப் பற்றிக் கனவு காண்போர் அம்பேத்கரையும் படிப்பது நன்று. ஒரு வேறுபாட்டை மட்டும் குறிக்க வேண்டும்: வேங்கைவயலார் நிலத்தைப் பெயர்த்து வேறிடம் செல்ல முடியாது, வழங்கியிலோ ஒதுக்கப்பட்டோர் தமக்கென ஓர் ஊர் கட்டிக்கொள்ளலாம். கட்டத் தெரிந்த ஆளும் செலவுக்குப் பணமும் அவர்களிடம் இருந்தால்.

மொழித் தடையையும் சொல்லியாக வேண்டும். ஜெர்மனியிலோ கனடாவிலோ இருக்கும் மட்டுறுத்துநருக்குத் தமிழில் சாதிப்பெயரைச் சற்றே நீட்டி ஒலித்தால் அது வசையாகும் என்பது எப்படித் தெரியும்? பெருநிறுவனங்களும் இதில் பெரிதாகக் கிழித்துவிடவில்லை. தமிழர் நடத்தும் வழங்கியால்தான் இது இயலும்.

இத்தனை குறைகளை அடுக்கியபின்னும் பரவலாக்கம் வேண்டும் என்றே நாம் வாதிடுகிறோம். 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் கரைகடந்தது. ஆலங்குடி, அறந்தாங்கி, கறம்பக்குடி வட்டாரங்களில் தென்னையும் பலாவும் மின்கம்பங்களும் ஒன்றாய் வீழ்ந்தன. மின்சாரம் போனதும் கைப்பேசிக் கோபுரங்கள் ஓய்ந்தன. அடுத்த ஊரில் உறவினர் உயிரோடிருக்கிறார்களா என்பதை அறிய, சாலையில் விழுந்த மரங்களை வெட்டிக்கொண்டே நடந்தார்கள். நடுவில் ஒரு கோபுரமும் தொலைவில் ஒரு நிறுவனமும் இருந்தால்தான் பேச முடியும் என்ற அமைப்பு அன்று கைவிட்டது. பிரையர் என்றொரு கட்டற்ற செயலி உண்டு. இணையமே இல்லாதபோதும் அருகருகே உள்ள கைப்பேசிகள் புளூடூத் வழியே செய்தியைக் கைமாற்றிக்கொள்ளும். இத்தகைய பேரிடர் நாளுக்கு அதைப் போன்றதொன்று கையிலிருப்பது நலம். ஆனால் நடுவண் அரசு 2023 மே மாதம் 14 செயலிகளைத் தடைசெய்தது. தீவிரவாதிகள் பயன்படுத்துவதாகக் காரணம் கூறப்பட்டது. அப்பட்டியலில் பிரையரும் இருந்தது. மேட்ரிக்ஸ் என்னும் பரவலாக்க நெறிமுறையில் இயங்கும் எலிமென்ட்டும் இருந்தது. கேரளத்துக் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் நீதிமன்றத்தை நாடினார்கள். கதவுதட்டிக் கேட்க நிறுவனம் இல்லாததாலேயே ஒரு கருவி குற்றவாளியாகிவிடுமா?

சுதேசிச் செயலி போதும் என்பாரும் உளர். 2025 செப்டம்பரில் சோஹோவின் அரட்டையைத் தேடி மக்கள் படையெடுத்தது நினைவிருக்கும். பெயர் தமிழ், உழைப்பும் நம்மவருடையது, மகிழ்ச்சியே. ஆயினும் அதுவும் ஒரே நிறுவனத்தின் ஒரே கதவு. உள்நாட்டுச் செயலி என்று கொண்டாடப்பட்ட கூ 2024இல் மூடப்பட்டபோது அதில் எழுதியவர்களுக்குப் போக்கிடம் இல்லாமற் போயிற்று.

ஒரே கதவை நம்பாமல் நடத்துவது எப்படி என்பதன் விடைக்கு நாம் வெகுதொலைவு போக வேண்டியதில்லை. ஆடி பிறந்தால் வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம் பகுதிகளில் மொய் விருந்துகள் தொடங்கும். எல்லை தாண்டிப் பேராவூரணி வரை நீளும். ஒரே பந்தலில் பலர் சேர்ந்து விருந்து வைப்பார்கள். சமையலும் பந்தலும் பொதுச் செலவு. வாயிலில் ஒவ்வொருவர்க்கும் தனித்தனி மேசை, தனித்தனி நோட்டு, பணம் போட ஒரு பாத்திரம். எழுதுபவர் ஊரைக் கேட்டுப் பெயரைக் கேட்டு, பழைய நடை இவ்வளவு, புதுநடை இவ்வளவு என்று குறித்துக்கொள்வார். விருந்து முடிந்ததும் அவரவர் நோட்டு அவரவர் வீட்டுப் பெட்டிக்குப் போகும். இலட்சங்கள், சிலருக்குக் கோடி வரை புரளும் இந்தப் பரிமாற்றத்துக்குத் தலைமை அலுவலகம் கிடையாது, ஈடு இல்லை, பத்திரம் இல்லை. ஒருவர் நோட்டை எலி கடித்தால் அவர் கணக்கு மட்டும் தடுமாறும். வட்டாரத்தின் கணக்கு தடுமாறாது. வாங்கியவர் திருப்பிச் செய்யாவிடில் பெயர் கெடும். அடுத்த பந்தலில் அவர் முகங்காட்ட முடியாது. பரவலாக்கப்பட்ட வலையமைப்பு ஒன்று நெடுங்காலமாக இம்மண்ணில் இயங்கிக்கொண்டிருக்கிறது.

அதன் குறையையும் இம்மண் அறியும். மொய்ச் சுமையில் நிலம் விற்றோர் உண்டு. கஜாவுக்குப் பின்னும் கொரோனாக் காலத்திலும் விருந்துகள் மெலிந்தன. எல்லார் வீட்டிலும் ஒரே நேரத்தில் இழவு விழுந்தால் யார் யாருக்குக் கொடுப்பது? தன்னார்வத்தை மட்டும் நம்பிய அமைப்பு பொதுப் பேரிடரில் தளரும் என்பதால்தான் அரசிடமும் நாம் சிலவற்றைக் கேட்கிறோம்.

இலாபநோக்கின்றிச் சில நூறு பேருக்கு நடத்தப்படும் வழங்கிகளுக்குத் தனி விதி வேண்டும். நீக்கும் கடமையிலிருந்து விலக்கு வேண்டாம். பெண்கள், குழந்தைகள் பற்றிய புகாரில் ஒரு மணி நேரச் சலுகையும் வேண்டாம். ஆனால் தண்டம் தாங்குமளவில் இருக்கட்டும். முதற்பிழை எச்சரிக்கையோடு நிற்கட்டும். ஐயம் கேட்க மாவட்ட அளவில் ஓர் அலுவலர் இருக்கட்டும். ஜெர்மனியின் நடுவண் அரசு தன் துறைகளுக்கென மாஸ்டடான் வழங்கி நடத்துகிறது. நெதர்லாந்தும் அவ்வழியே சென்றது. தமிழ்நாட்டு அரசு ஏன் கூடாது? மழைக்கால இரவில் பள்ளிக்கு விடுமுறை உண்டா என்று அறியப் புதுக்கோட்டைப் பெற்றோர் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் தளத்தைத் திறந்து காத்திருப்பது நமக்கு நாணமாக இல்லையா? ஆட்சியரின் அறிவிப்பு முதலில் அரசின் சொந்த வழங்கியில், திறந்த நெறிமுறையில் வரட்டும். பின்னர் எங்கு வேண்டுமானாலும் படியெடுக்கப்படட்டும். அப்பணிக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகம் பொருத்தமான இடம். 2015இலேயே இந்நகரத்து வலைப்பதிவர்களோடு கைகோத்த நிறுவனம் அது. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் கணினித் துறைகள் தமிழ் வசைச்சொற்களைக் கண்டறியும் கருவிகளைச் செய்து சிறு வழங்கிகளுக்கு விலையின்றித் தரலாம்.

மக்கள் பங்கும் உண்டு. இலவசமாகவே எல்லாம் கிடைக்க வேண்டும் என்ற பழக்கத்தைப் பெருநிறுவனங்கள் நமக்கு ஊட்டிவிட்டன. பந்தலுக்குப் பங்கு கொடுக்காமல் பந்தியில் அமர்வதை எந்த ஊரும் மதிப்பதில்லை. நூறு பேர் மாதம் ஐம்பது ரூபாய் கொடுத்தால் ஐயாயிரம் ரூபாய். ஒரு சிறு வழங்கியின் வாடகைக்கு அது பெரும்பாலும் போதும். வரவு செலவைப் பலர் அறிய எழுதி வைக்கட்டும். அண்டை வழங்கிகள் சேர்ந்து கூட்டுறவுச் சங்கமாகப் பதிந்துகொள்ளட்டும். வழக்கறிஞர் ஒருவரைப் பொதுவில் அமர்த்திக்கொள்ளட்டும்.

பணத்தால் தீராத ஒன்று எஞ்சுகிறது. மற்றுமொரு தேர்தல் காலத்து இரவு பதினொரு மணிக்கு, மற்றுமொரு குரற்பதிவு ஒரு சிறு வழங்கியில் வந்து விழுகிறது என்று கொள்வோம். விடிவதற்குள் அது எண்பது ஊர்களுக்குப் போய்விடும். புகார்கள் வரத் தொடங்கிவிட்டன. வழங்கியைக் காப்பவர் பகலெல்லாம் ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் நடத்திவிட்டு, கைப்பேசியை ஒலியடக்கி வைத்துவிட்டு உறங்குகிறார். அவர் பெயரில்தான் சட்டம் அறிவிப்பு அனுப்பும். அந்த இரவுக்காவலில் அவருக்கு மாற்றாள் யார் என்பதை, வழங்கி தொடங்கும் நாளிலேயே ஊர் கூடி எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.